பெயர் போடாத மருந்து

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையில் கட்டிட வேலை நடக்கும் இடங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நேற்று வரை கலவைச் சட்டி தூக்கிய ஆள் இன்று பட்டப்பகலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடப்பார். பக்கத்தில் இருப்பவர்கள், "குளிர் காய்ச்சல்தான், ரெண்டு நாளில் விட்டுவிடும்" என்பார்கள். விவரம் தெரிந்த மேஸ்திரியாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொல்வார். ரத்தத்தில் 'ஃபால்சிபாரம்' என்ற கொடிய வகை மலேரியாக் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், மூன்று நாளைக்கு மாத்திரை கொடுப்பார்கள். மூன்றாவது நாள் ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார்.

மாத்திரை அட்டையில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. விலை இருக்கிறது. காலாவதியாகும் தேதி இருக்கிறது. அதற்குள் இருக்கும் மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், விற்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த மருந்து பிறந்த நாட்டிலேயே, அதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதில் இல்லாமல் இருந்தது என்பதுதான் வியப்பு.

மருந்தின் பெயர் ஆர்ட்டிமிசினின். பிறந்த நாடு சீனா. கண்டுபிடித்தவர் தூ யூயூ என்ற அம்மையார். 2015-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 84. பரிசில் பாதி அவருக்கும், மறுபாதி வேறு ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து கண்ட இருவருக்கும் சென்றது.

சீனப் பத்திரிகைகள் அவருக்கு 'மூன்றும் இல்லாதவர்' என்று பெயர் வைத்திருந்தன. டாக்டர் பட்டம் இல்லை. வெளிநாட்டில் படித்ததில்லை. சீன விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினர் பதவி இல்லை. மூன்றும் இல்லாத ஒருவர் என்ன செய்தார் என்பதையும், அதற்குரிய பெயர் அவருக்கு ஏன் இத்தனை தாமதமாகக் கிடைத்தது என்பதையும் சற்று விரிவாகவே பார்க்கலாம். அலுவலகங்களில் பிறர் கையெழுத்துக்காகக் கோப்புத் தயாரிப்பவர்களுக்கு இதில் பாதி கதை சொல்லாமலே விளங்கும்.

காய்ச்சலில் தொடங்கிய படிப்பு

தூ யூயூ 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி நிங்போ என்ற துறைமுக நகரில் பிறந்தார். 16 வயதில் காசநோய் வந்தது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பிழைத்து எழுந்தபோது, படித்தால் மருந்தைப் பற்றியே படிப்பது என்று முடிவு செய்தார். பெய்ஜிங்கில் மருந்தியல் படித்து 1955-ல் தேறினார். அதே ஆண்டில், புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பாரம்பரிய மருத்துவக் கழகத்தின் மருந்துப் பொருள் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. கடைசி வரை அந்த ஒரே இடம்தான்.

நவீன மருத்துவம் படித்தவர்களுக்குப் பழைய நாட்டு மருத்துவத்தையும் கற்றுக் கொடுக்கும் வகுப்பு ஒன்றை அப்போது அரசாங்கம் நடத்தியது. 1959 முதல் 1962 வரை அவர் அதில் படித்தார். மூலிகையை அடையாளம் காண்பது, அதைப் பக்குவப்படுத்துவது, பழைய வைத்திய நூல்களை வாசிப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். இந்தப் படிப்பு பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

1960-களில் வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. இரு தரப்புப் படைகளிலும் குண்டுக்குத் தப்பியவர்களைக் கொசு வீழ்த்தியது. அதற்கு முந்திய காலத்தில் மலேரியாவுக்கு மருந்து என்றால் கொயினாதான். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. அந்த மரத்தை வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் பயிர் செய்து, நடுவட்டத்தில் தொழிற்சாலையும் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் இடத்தை குளோரோகுயின் பிடித்துக்கொண்டது. விலை மலிவு, வேலையும் வேகம். ஆனால் 1950-களின் கடைசியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில் கிருமிகள் அந்த மருந்துக்கு மசிய மறுத்தன. வியட்நாம் காடுகளிலும் அதே நிலை. (இந்தியாவில் இந்த நிலை முதன்முதலாக 1973-ல் அசாமில் கண்டறியப்பட்டது.)

வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் சீனாவிடம் உதவி கேட்டார். சீனப் பிரதமர் சூ என்லாய் ஏற்பாடு செய்தார். 1967-ம் ஆண்டு மே 23-ந் தேதி அதற்கான கூட்டம் கூடியது. அந்தத் தேதியே திட்டத்தின் பெயராகிவிட்டது: 'திட்டம் 523'. ராணுவ ரகசியம் என்பதால் வெளியே மூச்சுவிடக் கூடாது. பல ஊர்களிலுள்ள நிலையங்களைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் இதில் வேலை செய்தார்கள்.

சீனாவில் அது கலாசாரப் புரட்சியின் காலம். படித்தவர்களைச் சமுதாயத்தின் ஒன்பதாவது, கடைசிக் கூட்டம் என்று ஏசிய காலம். அனுபவமுள்ள மூத்த விஞ்ஞானிகள் பலர் ஓரம் கட்டப்பட்டிருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில்தான் 1969 ஜனவரியில், 38 வயதான தூ யூயூ அம்மையாரை அழைத்து, அவருடைய நிலையத்தில் இந்த வேலைக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். அதுவரை அவர் பெயர் பெற்றவர் அல்ல. மேலே இருந்தவர்கள் நாற்காலியில் இருந்திருந்தால் இந்த வேலை அவரிடம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை

அவருடைய கணவர் உலோகத் துறைப் பொறியாளர். அவரை அப்போது உடலுழைப்புக்காகக் கிராமப்புறத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். தூ யூயூ மலேரியா மிகுந்த ஹைனான் தீவுக்குப் போகவேண்டி வந்தது. நான்கு வயதுப் பெரிய பெண்ணைக் குழந்தைகள் விடுதியில் சேர்த்தார். சின்னக் குழந்தையை நிங்போவில் தன் பெற்றோரிடம் விட்டார்.

வேலை முடிந்து பெரியவளை அழைத்து வரப் போனபோது, அந்தக் குழந்தை ஆசிரியையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது, சின்னவளுக்குத் தாயை அடையாளமே தெரியவில்லை. அம்மையாரே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளையைத் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாராவியில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

கொதிக்க வைக்காத சாறு

வேலை எப்படி நடந்தது? முதலில் பழைய நூல்களைப் புரட்டினார்கள். நாட்டு வைத்தியர்களைப் போய்ப் பார்த்துக் கேட்டார்கள். 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினார்கள். அதிலிருந்து 640-ஐப் பொறுக்கி ஒரு கையேடாக்கினார்கள். ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அவற்றுள் 'சிங்ஹாவ்' என்ற ஒரு செடி. தாவர நூலார் இதை ஆர்ட்டிமிசியா குடும்பத்தில் வைக்கிறார்கள். மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகையோடு வைத்துக் கட்டித் தருகிற மரிக்கொழுந்தும் அதே குடும்பம்தான். (அதனால் மரிக்கொழுந்தைக் கசக்கிக் குடித்தால் மலேரியா போகும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பங்காளிகள் எல்லாரும் ஒரே குணம் உடையவர்களா என்ன?) இந்தச் செடியின் சாறு முதல் தடவை 68 சதவீதம் கிருமியை அடக்கியது. மறுபடி செய்தபோது 40, இன்னொரு தடவை 12. இப்படி இறங்கு முகமாகவே போயிற்று. வேறு யாராக இருந்தாலும் அந்தச் செடியைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

தூ யூயூ நூல்களுக்குத் திரும்பினார். கி.பி. 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்பவர் எழுதிய அவசர சிகிச்சைக் கையேடு ஒன்று உண்டு. அதில் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் படித்த வரிதான். அம்மையாரின் கண் நின்ற இடம் வேறு. மூலிகை மருந்து என்றால் எல்லாரும் காய்ச்சி வடிப்பதுதானே வழக்கம்? இவர் ஏன் பிழியச் சொல்கிறார்? அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ?

உடனே முறையை மாற்றினார். தண்ணீரில் கொதிக்க வைப்பதை விட்டு, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துப் போகும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். தண்டை ஒதுக்கி இலையை எடுத்துக்கொண்டார். சாற்றில் அமிலமாக இருந்த பகுதி நஞ்சாக இருந்தது. அதைப் பிரித்து நீக்கினார். 1971-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, 191 என்று எண்ணிட்ட மாதிரியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு கிருமி ஒழிந்தது. குரங்குகளுக்குக் கொடுத்தபோதும் அப்படியே.

பரிசு கிடைத்த பிறகு, பழைய வைத்தியமே வென்றது, விஞ்ஞானம் தோற்றது என்று ஒரு சாரார் பேசினார்கள். இன்னொரு சாரார், நூலில் ஒரு வரியைப் படித்ததற்கா நோபல் பரிசு என்று கேட்டார்கள். இரண்டு கூற்றும் பிழை. கெ ஹோங்கின் வரி 1,600 ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. அதை நம்பிக் கும்பிட்டவர்களாலும் மருந்து வரவில்லை. கேலி செய்து ஒதுக்கியவர்களாலும் வரவில்லை. அதைப் படித்து, சந்தேகப்பட்டு, 35 டிகிரியில் சோதித்தவரால் வந்தது. அமெரிக்க ராணுவமும் அதே போருக்காக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசாயனப் பொருள்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கே பணம் இருந்தது, பட்டங்களும் இருந்தன. அவர்களுக்கும் ஒரு மருந்து கிடைத்தது. ஆனால் இதற்கு ஈடாகவில்லை.

நோபல் பரிசுக் குழுவினரும், பரிசு பாரம்பரிய மருத்துவத்துக்கு அல்ல, அதிலிருந்து தூண்டுதல் பெற்றுப் புது மருந்தைக் கண்டவருக்கே என்று தெளிவுபடுத்தினார்கள். இந்தச் செடியின் இலையைத் தேநீர் போலப் போட்டுக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அதில் மருந்தின் அளவு நிலையாக இராது. நோயும் முழுதாகத் தீராது. காய்ச்சலோடு ரயிலேறி, ஊருக்குப் போய்க் கஷாயம் குடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் விழுங்கியவர்

எலிக்குச் சரி, மனிதனுக்கு? அதற்கு நிறையச் சாறு வேண்டும். அப்போது மருந்துத் தொழிற்சாலைகள் ஓடவில்லை. வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிகளை வாங்கிவந்து அவற்றில் இலையை ஊறப் போட்டார்கள். காற்றோட்டம் இல்லாத அறை. நாள் முழுவதும் ஈதர் வாடை. ஊழியர்களுக்குத் தலை சுற்றியது, உடம்புக்கு வந்தது. அம்மையாருக்குக் கல்லீரல் கெட்டது.

விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நச்சுத்தன்மை உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மலேரியாக் காலமோ கடந்து போய்க்கொண்டிருந்தது. விட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தூ யூயூ மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். மருந்தை முதலில் தானே உட்கொள்வதாக அதில் சொல்லியிருந்தார். 1972 ஜூலையில் அவரும் சக ஊழியர்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் படுத்து, டாக்டர்களின் கண்காணிப்பில் அந்தச் சாற்றைக் குடித்தார்கள். கேடு ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகே ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. ரத்தத்தில் கிருமி மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவருடைய குழுவினர் சாற்றிலிருந்து மருந்துப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு மாத்திரையாகச் செய்து கொடுத்தபோது சரியாக வேலை செய்யவில்லை. என்ன காரணம் என்று பார்த்தால் மாத்திரை வயிற்றில் கரையவே இல்லை! மருந்தைக் கூட்டுக்குள் அடைத்து அனுப்பினார்கள், குணம் தெரிந்தது. எத்தனை பெரிய கண்டுபிடிப்பாக இருந்தாலும் இப்படி ஒரு சின்ன விஷயத்தில் கவிழ்ந்துவிடக்கூடும்.

கையெழுத்து இல்லாத கட்டுரை

1977-ல் இந்த மருந்தைப் பற்றி முதல் கட்டுரை சீன மொழியில் வெளியாயிற்று. அதில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. எழுதியது 'கூட்டு ஆராய்ச்சிக் குழு'. 1979-ல் அரசாங்கம் கொடுத்த கண்டுபிடிப்புப் பரிசும் நிறுவனங்களின் பெயருக்கே போயிற்று. சீனாவில் அப்போது காப்புரிமைச் சட்டம் கிடையாது, 1984-ல்தான் வந்தது. ஆகவே காசும் இல்லை, பெயரும் இல்லை. தனி மனிதர் பெயர் எடுப்பது தவறு, வேலை எல்லாருடையதும் என்பது அன்றைய கொள்கை.

1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பெய்ஜிங்கில் நடந்த கூட்டத்தில் தூ யூயூ இந்த மருந்தைப் பற்றிப் பேசினார். வெளிநாட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மருந்தை எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. 2001-ல் இந்த மருந்தோடு வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. இந்தியாவில் 2010 முதல் நாடு முழுவதும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு அதுவே சிகிச்சையாயிற்று. ஆப்பிரிக்காவில் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் லட்சக்கணக்கில்.

அமெரிக்காவைச் சேர்ந்த மலேரியா ஆராய்ச்சியாளர் லூயி மில்லர், ஷாங்காயில் நடந்த ஒரு கூட்டத்தில், ஆர்ட்டிமிசினினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். மலேரியாவையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடியிருந்த கூட்டம் அது. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மில்லருக்கு அது உறுத்தலாயிற்று. அவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் சூ சின்ஜுவானும் பழைய கடிதங்களையும், ஆய்வுக் குறிப்பேடுகளையும், ரகசியக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தேடிப் படித்தார்கள். 2011-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆண்டே அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு தூ யூயூவுக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டுகளில் நோபல் வந்தது.

வந்ததும் சீனாவில் வாக்குவாதம் எழுந்தது. 500 பேர் வேலையில் ஒருவருக்குப் பரிசா? நியாயமான கேள்வி. அதே நிலையத்தில் யூ யாகாங் என்பவரும் சிங்ஹாவைப் பட்டியலில் குறித்துச் சோதித்திருக்கிறார். படிகத்தைப் பிரித்தெடுத்த கை தூ யூயூவின் குழுவிலிருந்த சோங் யூரோங்குடையது. யுன்னான் மாநிலத்தில் லுவோ சேயுவான் அந்தப் பகுதிச் செடியிலிருந்து அதே பொருளைத் தனியே எடுத்தார். காய்ச்சல் மூளைக்கு ஏறி நினைவு தப்பிய நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, இதன் பலத்தை நிரூபித்த டாக்டர் லீ குவோசியாவ். இவர்களில் யார் இல்லாவிட்டாலும் கதை குறைப்பட்டிருக்கும்.

லாஸ்கர் பரிசின்போது தூ யூயூவின் பங்காக மூன்று விஷயங்கள் எடுத்துக் கூறப்பட்டன. சிங்ஹாவைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது; நூற்றுக்கு நூறு பலன் தரும் சாற்றை முதலில் எடுத்தது; மனிதருக்கு முதலில் கொடுத்துப் பார்த்தது. 1972 மார்ச் 8-ந் தேதி நான்கிங் கூட்டத்தில் தன் முடிவுகளை அவர் எழுந்து சொன்ன பிறகுதான், ஷான்டோங்கிலும் யுன்னானிலும் இருந்தவர்கள் அந்த வழியைப் பிடித்தார்கள்.

இந்த மூன்றில் மூன்றாவதுதான் கணக்கைத் தீர்க்கிறது. பெயர் என்பது வெறும் புகழ் அல்ல, பொறுப்பு. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர், நாளைக்குத் தவறு வந்தால் தன்னைக் கேட்கலாம் என்று சொல்கிறார். 'எல்லாருடைய வேலை' என்று எழுதிவிட்டால், வெற்றிக்கு மட்டுமல்ல, விபத்துக்கும் ஆள் கிடையாது. அந்தச் சாற்றில் நஞ்சு இருந்திருந்தால் குழு செத்திருக்காது. 41 வயதான, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் செத்திருப்பார். ஆபத்துக்கு மட்டும் அவர் தனி ஆள், பெருமைக்கு மட்டும் கூட்டமா?

இதே நியாயப்படி பார்த்தால், அவரோடு அந்த ஆஸ்பத்திரியில் படுத்துச் சாற்றைக் குடித்த இரண்டு பேருக்கும் உரிய இடம் உண்டு. அவர்கள் பெயரை உலகம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. ஒருவருக்கு நியாயம் கிடைத்துவிட்டதால் மற்றவர் கணக்கு தீர்ந்துவிடாது. சோங் யூரோங் பெயரை மறைப்பதும் தவறு. அதைக் காட்டித் தூ யூயூவின் பெயரை அழிப்பதும் தவறு.

பத்தணா

இது சீனாவில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. செகந்திராபாத் வழியாகப் போய் வருகிறவர்கள் ஏராளம். அங்கேதான் 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902-ல் நோபல் பரிசு பெற்றார். பேகம்பேட்டையில் அவர் பெயரில் கட்டிடம் நிற்கிறது. அந்தக் கொசுக்கள் யாரைக் கடித்தன? ஹுசேன் கான் என்ற ஒரு நோயாளியை. ஒரு கொசுவுக்கு ஓர் அணா என்று பேச்சு. பத்துக் கொசுக்கள் கடித்தன, பத்தணா கிடைத்தது. ராஸ் எழுதி வைத்ததால் இந்த ஒரு பெயர் தெரிகிறது. கொசு பிடித்துக் கொடுத்த வேலையாட்களில் பலர் பெயர் தெரியாது. ஹைனான் தீவின் 21 நோயாளிகளையும் எண்ணிக்கையாக மட்டுமே உலகம் அறியும்.

மருந்து கிடைத்துவிட்டதே, இனி என்ன கவலை என்று நினைக்கலாம். 2023-ம் ஆண்டில் மட்டும் உலகில் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆர்ட்டிமிசினினுக்கும் கிருமி மெதுவாகவே மசிவது கம்போடியாவின் மேற்கு எல்லையில் 2008-09-ல் தெரியவந்தது. குளோரோகுயின் முன்பு பலம் இழந்த அதே வட்டாரம்! பிறகு ஆப்பிரிக்காவிலும் அது தலைகாட்டியது. இப்படி ஆகக்கூடாது என்றுதான் இந்த மருந்தைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, துணை மருந்தோடுதான் கொடுக்கவேண்டும் என்று முன்பே விதி செய்திருந்தார்கள். முதல் நாள் மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கியதும் மீதி மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாரம் ஏறுகிற ஆள், தன்னை மட்டும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. அரைகுறையாகத் தப்பிய கிருமியைப் பக்கத்துக் குடிசைக்கும் அனுப்புகிறார். விவாக்ஸ் என்ற மற்ற வகை மலேரியாவுக்கு 14 நாள் மாத்திரை உண்டு. அதை முடிப்பவர்கள் இன்னும் குறைவு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மைதான். அதற்கு வழி செய்ய வேண்டியவர் கண்டிராக்டர். காய்ச்சல்காரருக்கு மூன்று நாள் கூலியோடு படுக்கை கொடுத்தால், மற்ற ஆட்கள் படுக்காமல் இருப்பார்கள் என்ற கணக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தூ யூயூ அம்மையார் நோபல் பரிசோடு நின்றுவிடவில்லை. கிருமி மசியாத இடங்களில் என்ன செய்யலாம் என்று அவருடைய குழு தொடர்ந்து ஆராய்ந்தது. மூன்று நாள் சிகிச்சையை ஏழு நாள் வரை நீட்டலாம், துணை மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையை 2019 ஏப்ரலில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 88. அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆறு பேருடைய பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. கடைசிப் பெயர் அவருடையது.